யாசீன் கிதாபுகளோடு வந்த புத்தகம்

என் கூடப்பிறந்த மூத்தவள் ராத்தாவின் நாற்பதாம் நாள் கத்தத்துக்கு வீட்டில் யாசீன் கிதாபுகள் போதவில்லை. மௌத்தானவருக்காகச் சொந்தமும் அயலும் கூடியிருந்து குர்ஆனின் யாசீன் அத்தியாயத்தை ஓதும்போது ஆளுக்கொரு கிதாபு வேண்டும். எங்கள் ஒழுங்கைத் தெருவில் அந்தச் சின்னக் கிதாபுகள் யாருடையவை என்று ஒருவருக்கும் தெரியாது. ஒரு வீட்டுக் கத்தத்துக்குப் போகும், அங்கிருந்து அடுத்த வீட்டுக் கத்தத்துக்குப் போகும், அப்படியே திரியும். கிழியாமல் இருக்க எல்லாவற்றுக்கும் பழைய கலண்டர் தாளில் உறை போட்டிருப்பார்கள். அன்று காலையில் உம்மா என்னை அனுப்பி, நாலைந்து வீடுகளில் இருந்ததை எல்லாம் ஒரு பையில் வாங்கிவரச் சொன்னார். நான் ஒன்றையும் திறந்து பார்க்கவில்லை. கலண்டர் தாள் உறை, ஒரே அளவு. வேறு என்ன பார்க்க இருக்கிறது?

ஓதத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில்தான் கண்டேன். பெண்கள் எல்லாரும் உள்ளறையில் பாயில் இருந்தோம். எனக்கு நேர் எதிரே என் பெரியம்மா, உம்மாவின் மூத்த சகோதரி. அவருக்கு யாசீன் முழுவதும் மனப்பாடம். ஆனால் கையில் கிதாபு இல்லாவிட்டால் ஓதின மாதிரி இராது என்பார். அன்றைக்கு மூக்குக்கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார். கையில் கிடைத்ததை வலப்பக்கமாகத் திறந்து, முன்னும் பின்னும் ஆடி, ஓர் எழுத்துப் பிசகாமல் ஓதிக்கொண்டிருந்தார். அவர் விரித்துப் பிடித்திருந்த பக்கத்தில் அரபு இல்லை. டை கட்டிய ஒரு மனிதர் கண்ணாடிக்கு முன்னால் நின்று, தன்னைப் பார்த்துத் தானே கைகாட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார். அதுவும் தலைகீழாக.

என் சிரிப்பைப் பற்றி இந்த இடத்தில் சொல்லாவிட்டால் பிறகு ஒன்றும் விளங்காது. எனக்குச் சின்னதாகச் சிரிக்க வராது. முதலில் விசில் மாதிரி ஒன்று கிளம்பும், பிறகு தகரக் கூரையில் கல் கொட்டியது மாதிரி ஆகிவிடும். பள்ளிக்கூடத்தில் இதற்காகவே வாசலில் நின்றிருக்கிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு வெங்காயத் தோட்டத்துக் கூலி லொறியில் நான் சிரித்தால் டிரைவர் கண்ணாடியில் திரும்பிப் பார்ப்பார். வீட்டில் நான் தொடங்கினால் ராத்தா ஓடிவந்து தன் கையால் என் வாயைப் பொத்துவாள். பொத்திக்கொண்டே அவளும் சிரிப்பாள், சத்தம் இல்லாமல், தோள் மட்டும் குலுங்க.

அந்த ராத்தாவின் கத்தத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. முக்காட்டை வாய்க்குள் திணித்தேன். சிரிப்பு மூக்கால் வந்தது. தோள் எல்லாம் ஆடியது. கண்ணால் தண்ணீர் வழிந்தது. பக்கத்தில் இருந்த பெண்கள் ஓதுவதை நிறுத்தி என்னைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்கள்.

"அழு மகள், நல்லா அழு. உள்ளுக்கு வச்சிராத."

"நாப்பது நாளா இந்தப் புள்ள ஒரு சொட்டு விடல்ல. இண்டைக்குத்தான் உடைஞ்சிருக்கு."

பெரியம்மா ஒரு கையால் புத்தகத்தைப் பிடித்தபடியே மற்றக் கையால் என் முழங்காலைத் தடவினார். டை கட்டிய மனிதர் எனக்கு இன்னும் பக்கத்தில் வந்தார். நான் செத்தேன் என்று நினைத்தேன்.

அவர்கள் சொன்னதில் ஒன்று உண்மை. நாற்பது நாளும் நான் அழவில்லை, சிரிக்கவும் இல்லை. காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போன ராத்தா ஆறாம் நாள் மௌத்தாகித்தான் வந்தாள். இரண்டரை வயதில் அவளுக்கு ஒரு மகள். மச்சான் கட்டாரில். மௌத்துக்கு மூன்று நாள் வந்து நின்றுவிட்டுப் போனார். பிள்ளை எங்கள் வீட்டில்தான் பிறந்தது, எங்கள் வீட்டில்தான் வளர்ந்தது, என்னைச் சாச்சி என்று கூப்பிட்டுக்கொண்டு என் பின்னாலேயே திரிந்தது. ராத்தாவை அடக்கின மூன்றாம் நாள் நான் ஒரு முடிவு எடுத்தேன். இந்தப் பிள்ளைக்கு ஒரு குறையும் தெரியக் கூடாது. அதனால் இனி நான் ராத்தாவாக இருக்க வேண்டும்.

அது வாய்ச்சொல் இல்லை. அவளுடைய வீட்டுச் சட்டையைப் போட்டேன். வெளியே போகும்போதும் வீட்டுக்கு ஆட்கள் வரும்போதும் அவளுடைய அபாயாவைப் போட்டேன். அவள் என்னைவிட ஒரு சாண் உயரம், அபாயா மண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தது. அவளைப் போல் மெதுவாக நடந்தேன், மெதுவாகக் கதைத்தேன். எல்லாரும் சாப்பிட்ட பிறகு சாப்பிட்டேன். ராத்தா ஒரு வாளியைக் கீழே வைத்தால் சத்தம் கேட்காது. நான் வாளியை வைக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு வைத்தேன்.

கத்தத்துச் சோறு முடிந்து எல்லாரும் எழும்பும்போது மாமி, மச்சானுடைய உம்மா, என்னையும் உம்மாவையும் குசினிக்குள், அடுப்புப் பக்கம் கூப்பிட்டார். அவர் வண்ணாத்திவில்லுவில் இருந்து பஸ் ஏறி வந்திருந்தார். நிமிர்ந்த மனுசி. கதைத்தால் இரண்டு வசனத்தில் முடித்துவிடுவார்.

"மதினி, சுத்தி வளைக்காமச் சொல்றன். புள்ளைய நான் கூட்டிட்டுப் போறன். ரெண்டு கிழமையால வாறன், உடுப்ப எடுத்து வைங்க."

உம்மா மாமியின் கையைப் பிடித்தார். "அவள் இங்க பழகின புள்ள..." என்று மட்டும் சொன்னார்.

"மகன்கிட்டயும் கேட்டுட்டன். உம்மா சொன்னாச் சரி எண்டிட்டான்."

சொல்லிவிட்டு மாமி என்னை மேலிருந்து கீழே பார்த்தார். அபாயாவின் கரையில் ஒட்டியிருந்த மண்ணையும் பார்த்தார். நான் சுவரோடு நின்றேன். இவருக்குத் தெரிந்துவிட்டது, நான் எவ்வளவு முயன்றும் ராத்தா ஆகவில்லை என்று தெரிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். இரண்டு கிழமை, பதினாலு நாள் இருக்கிறது. இன்னும் நன்றாக ராத்தா ஆக வேண்டும்.

மறுநாள் கிதாபுகளைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். இந்தப் புத்தகத்தையும் கொண்டுபோனேன். முதல் பக்கமும் கடைசிப் பக்கங்களும் இல்லை, பெயரும் இல்லை. மனிதர் தன்னைத் தானே ஏற்றுக்கொள்வது எப்படி என்று பாடம் பாடமாக எழுதியிருந்தது. நான் போன வீடெல்லாம் ஒரே பதில்.

"எங்கட இல்ல புள்ள. எங்க, கொண்டா பாப்பம். என்ன எழுதியிருக்கு?"

எங்கட இல்லை என்று சொல்லிவிட்டு ஒவ்வொருத்தியும் ஐந்து நிமிடம் புரட்டிப் பார்த்தாள். ஒரு வீட்டில் மூடித் தரும்போது, "இதெல்லாம் வாசிக்கிறவங்களுக்கு வேற வேலை இல்ல" என்று சொன்னாள். சொன்னவள் நாற்பதாம் பக்கத்தில் இருந்தாள்.

யாரோ ஒருத்தியுடையதுதான். ஏனென்றால் உள்ளே பென்சிலால் எழுதியிருந்தது. உங்களிடம் உங்களுக்குப் பிடித்த மூன்று விசயங்களை எழுதுங்கள் என்று ஒரு பாடம். கீழே மூன்று கோடு. முதல் கோட்டில், மீன் வெட்டினால் கையில் மணம் இருக்காது. இரண்டாம் கோட்டில், பல்லு வரிசை. மூன்றாவது வெறும் கோடு. நான் அதற்குப் பிறகு ஒரு கிழமையாக ஒழுங்கையில் யாரைக் கண்டாலும் பல்லைத்தான் பார்த்தேன். ஒருத்தி, "என்னடி வாயப் பாக்கிற, பல்லுல ஏதும் ஒட்டியிருக்கா?" என்று கேட்டே விட்டாள். அது யார் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. தெரியாததும் நல்லது. யாராக இருந்தாலும் எனக்கு அவளைப் பிடிக்கும்.

நான் அதை வாசிக்கத் தொடங்கியது நல்ல எண்ணத்தில் இல்லை. ஒரு மனிதரை மாற்றிக்கொள்ள வழி சொல்லும் புத்தகம் என்று நினைத்தேன். சிரிக்காமல் இருப்பது எப்படி, வாளியைச் சத்தம் இல்லாமல் வைப்பது எப்படி என்று இருக்கும், இரண்டு கிழமைக்குள் படித்து முடித்துவிடலாம் என்று நினைத்தேன். எனக்கு வாசிப்பு மெதுவாகத்தான் வரும். விரலை வைத்து, எழுத்தைக் கூட்டி, நீளமான சொல் வந்தால் இரண்டு தரம் போய்வர வேண்டும். பகலில் உம்மா சாயும் நேரம் குசினி வாசலில் இருந்து வாசித்தேன்.

இந்தியாவில் அச்சடித்தது போல. எல்லா உதாரணமும் ஒபிஸ். மேனேஜர் உங்களை எல்லார் முன்னாலும் திட்டினால், உங்கள் நண்பர் உங்களைவிடப் பெரிய கார் வாங்கினால் என்று வரும். நான் மேனேஜரைத் தோட்டத்து முதலாளி என்று மாற்றி வாசித்தேன். காருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, ஆடு என்று வைத்துக்கொண்டேன். ஆனால் ஒன்று. அந்தப் புத்தகம் என்னிடம் மரியாதையாகக் கேள்வி கேட்டது. உங்களுக்கு என்ன பிடிக்கும், நீங்கள் எதற்குப் பயப்படுகிறீர்கள் என்று. என்னிடம் அப்படி யாரும் கேட்டதில்லை. சோறு வெந்ததா, லொறி வந்ததா என்றுதான் கேட்பார்கள்.

மூன்றாம் பாடத்தில் எனக்குக் கோபம் வந்துவிட்டது. இன்று நீங்கள் யாராக நடித்தீர்கள் என்று கேட்டிருந்தது. கீழே கோடு. நாளைக்கும் அவராகவே நடிக்கப் போகிறீர்களா என்று இன்னொரு கேள்வி, இன்னொரு கோடு. எனக்கு முகத்தில் அடித்தது மாதிரி இருந்தது. உனக்கு என்ன தெரியும், உன்னுடைய ராத்தாவா மௌத்தானாள் என்று டை கட்டிய மனிதரைப் பேசிவிட்டு, புத்தகத்தை வெங்காயச் சாக்குக்குள் போட்டேன்.

அதற்கு இரண்டு நாளுக்குப் பிறகு, பகல் சாப்பாட்டு நேரம். முன்பெல்லாம் பிள்ளைக்கு நான் சோறு ஊட்டினால் அது ஒரு கூத்து. நான் ஆடு மாதிரிக் கத்திக்கொண்டு அவளுடைய சோற்றைக் களவெடுக்க வருவேன். அவள் எனக்குக் கிடைக்கக் கூடாது என்று அவசரமாக விழுங்குவாள். பாதி வயிற்றில், பாதி என் தலையில். ராத்தா அப்படி ஊட்ட மாட்டாள். மடியில் வைத்து, நெத்தலியில் முள் எடுத்து, மெல்லிய குரலில் கதைத்து ஊட்டுவாள். நானும் அப்படித்தான் செய்தேன். மடியில் வைத்தேன். குரலை இறக்கி, "வாங்க தங்கம், ஒரு வாய் வாங்க" என்றேன்.

அவள் வாயைத் திறக்கவில்லை. என் முகத்தை உற்றுப் பார்த்தாள். பிறகு என் தோளுக்கு மேலால் வாசலைப் பார்த்தாள்.

"சாச்சி எங்க?"

"நான்தானே சாச்சி."

தலையை ஆட்டினாள். "இல்ல. சாச்சி எங்க?"

உம்மா எங்கே என்று கேட்டால் சொல்வதற்கு வீட்டில் எல்லாரும் ஒரு பதில் பழகி வைத்திருந்தோம். இதற்கு ஒருவரிடமும் பதில் இல்லை. அந்தப் பிள்ளைக்கு உம்மாவும் போய், கூடவே சாச்சியும் போய்விட்டாள் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. சாச்சியைக் கொன்றது நான்.

பின்னேரம் சாக்குக்குள் கையை விட்டுப் புத்தகத்தை எடுத்தேன். மூன்றாம் பாடத்துக் கோட்டில் ஒன்றும் எழுதவில்லை. பதில் எனக்குத் தெரியும். நாலாம் பாடத்துக்குப் போனேன். பெரியம்மாவின் கையில் தலைகீழாக இருந்த படம் அந்தப் பாடத்துக்கு உரியதுதான். கண்ணாடிக்கு முன் ஐந்து நிமிடம் நின்று உங்கள் முகத்தைப் பாருங்கள், குறை சொல்லாமல் பாருங்கள்.

எங்கள் வீட்டில் ஒரே ஒரு கண்ணாடிதான், அலுமாரிக்குப் பக்கத்துச் சுவரில் ஆணியில் தொங்கும். ராத்தா தன் கலியாணத்துக்கு முன் தன்னுடைய உயரத்துக்கு அடித்த ஆணி. நான் எட்டிப் பார்த்தால் நெற்றியும் கண்ணும் தெரியும். அதற்குக் கீழே தெரியாது. இத்தனை வருசமாக நான் கண்ணுக்கு மேலே மட்டும் பார்த்துத்தான் உடுத்துப் போயிருக்கிறேன். வாயும் பல்லும் போனில் எடுத்த படத்தில் பார்த்ததுதான். கதிரையில் ஏறினால் நெஞ்சு தெரிந்தது. இறங்கினேன். ஓர் ஆணியைத் தேடி எடுத்து, கத்திப் பிடியால் அடிக்கத் தொடங்கினேன்.

சத்தத்துக்கு உம்மா ஓடி வந்தார்.

"என்னடி செய்யிற? அது அவள் அடிச்ச ஆணி!"

"அதக் கழட்டல்ல உம்மா. கீழ ஒண்டு அடிக்கிறன்."

"என்னத்துக்கு இப்ப?"

"எனக்கு என்ட மூஞ்சி தெரியுதில்ல."

உம்மா மேலே இருந்த ஆணியைத் தொட்டுப் பார்த்தார். "அப்ப அதுல என்னத்தக் கொழுவுறது?" என்று கேட்டார். நான் சொல்வதற்கு முன்பே கையில் இருந்த தஸ்பீஹ் மாலையை அதில் கொழுவினார். "கொஞ்சம் வலப்பக்கமா அடி, இந்த இடத்துல சுவர் உதிரும்" என்று எனக்கும் சொல்லித் தந்தார்.

ஐந்து நிமிடம் நின்று பார்த்தேன். வட்ட முகம். வெயிலில் கறுத்த கன்னம். முன்பல் இரண்டும் ஒன்றோடொன்று சண்டை பிடித்துக்கொண்டு நின்றன. குறை சொல்லாமல் பார்க்கச் சொல்லியிருக்கிறதே என்று அந்தப் பல்லைப் பார்த்து, டை கட்டிய மனிதர் மாதிரி ஒரு கை காட்டினேன். அவ்வளவுதான். விசில் வந்தது. பிறகு தகரத்தில் கல் கொட்டியது. நாற்பத்தெட்டு நாள் அடைத்துவைத்தது எல்லாம் சேர்ந்து வந்தது. கத்தத்தில் மூக்கால் வந்ததும் இப்போது வாயால் வந்தது. கோழிகள் பறந்தன.

பயந்து பயந்துதான் சிரித்தேன். சிரித்தால் ராத்தாவை மறந்துவிட்டேன் என்று ஆகிவிடும் என்ற பயம். அப்படி ஆகவில்லை. சிரிப்பு உச்சிக்குப் போன இடத்தில் என் வாயைப் பொத்த ஒரு கை வர வேண்டும். வரவில்லை. நான் அந்தக் கைக்காகக் காத்துக்கொண்டு நின்றேன். அப்போது அழுகை வந்தது. மையத்து வீட்டில் வராத அழுகை. உம்மா என்னைப் பிடித்துக்கொண்டு தானும் அழுதார். பிள்ளை வந்து என் சட்டையைப் பிடித்து இழுத்து, "சாச்சி, இன்னொருக்காச் சிரி" என்றாள்.

அன்றைக்கு அவள் இரண்டு கோப்பை சோறு சாப்பிட்டாள். நான் ஆடாக இருந்தேன்.

அடுத்த நாள் என்னுடைய பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு வெங்காயத் தோட்டத்துக்குப் போனேன். வேலை, பிடுங்கின வெங்காயத்தைப் பிடி பிடியாகக் கட்டுவது. கையால் செய்கிற வேலை, வாய் சும்மாதான் இருக்கும். பக்கத்தில் என் கூட்டாளி. அவளிடம் புத்தகத்தைப் பற்றிச் சொன்னேன். அவள் எல்லாருக்கும் கேட்கச் சத்தமாகச் சொன்னாள்:

"எல்லாரும் கேளுங்க. ஒவ்வொருத்தரும் தன்கிட்டத் தனக்குப் புடிச்ச மூண்டு விசயம் சொல்லோணுமாம்."

"என்னத்துக்கு? முதலாளி கூடக் கூலி தரப் போறாராமா?"

"சும்மா சொல்லுங்களன்."

ஒருத்தி, "நான் நல்லா வட்டிலப்பம் அவிப்பன்" என்றாள். "அது உனக்குப் புடிச்சது. தின்ற எங்களுக்குப் புடிக்கல்ல" என்று இன்னொருத்தி அடித்தாள். நாலு பிள்ளை பெற்ற ஒரு மனுசி கட்டின வெங்காயத்தை மடியில் வைத்துக்கொண்டு நிறைய நேரம் யோசித்தார். "ஒண்டும் வருதில்லயே" என்றார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைத் தூக்கிக் காட்டினார். "இஞ்ச பாருங்க. இவ்வளவு காலம் தோட்டத்துல நிண்டும் என்ட குதிக்கால் வெடிக்கல்ல." எல்லாரும் எழும்பி வந்து அந்தக் குதிக்காலைப் பார்த்தோம். உண்மைதான், குழந்தைக் கால் மாதிரி இருந்தது. அன்று முழுக்க அந்த மனுசி நடந்த நடையே வேறு.

கடைசியாகக் கிழியாமல் மிஞ்சியிருந்த பாடத்தைக் கூட்டாளியிடம் மட்டும் சொன்னேன். நீங்கள் மறைத்துவைத்திருக்கும் உங்களைப் பற்றிய உண்மையை, நீங்கள் மிகவும் பயப்படும் ஒருவரிடம் சொல்லுங்கள். சொல்லும்போது மன்னிப்புக் கேட்காதீர்கள்.

"நீ யாருக்குப் பயம்?" என்று கேட்டாள்.

"மாமிக்கு."

"சொன்னா?"

"புள்ளையக் கொண்டு போயிருவா."

"சொல்லாட்டி?"

"அப்பவும் கொண்டு போவா."

"அப்ப சொல்லிப்போட்டே புள்ளையக் குடன்டி" என்றாள், வெங்காயத்தில் இருந்து கண்ணை எடுக்காமல்.

மாமி சொன்ன நாளில் வந்தார். கையில் ஒரு புதுச் சட்டை, சரிகை வைத்தது, பிள்ளைக்கு. உம்மா காலையிலேயே எனக்குச் சொல்லிவிட்டார், "ராத்தாட சட்டையப் போடு, வாயத் திறக்காத, மாமி மனம் மாறினாலும் மாறும்" என்று. நான் என்னுடைய சட்டையைத்தான் போட்டேன். உலையில் அரிசியைப் போட்டுவிட்டு, பிளேன்டீயைக் கொண்டுவந்து மாமியின் முன்னால் வைத்தேன். கோப்பை டங் என்று சத்தம் போட்டது. நான் மூச்சைப் பிடிக்கவில்லை.

"மாமி, ஒரு கதை சொல்லோணும்."

"சொல்லு."

உம்மா எனக்குக் கண்ணைக் காட்டினார். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"நான் ராத்தா மாதிரி இல்ல. நாப்பதுக்கு நீங்க வந்த நேரம் அவள மாதிரி நடிச்சன். அவள்ட அபாயாவப் போட்டுக்கொண்டு சுவரோட நிண்டன். உண்மையா நான் பெருஞ்சத்தமாச் சிரிப்பன். சாமான் கைல நிக்காது. சோறு வச்சா மூண்டு நாளைக்கு ஒருக்காக் கருக்குவன். அண்டைக்குக் கத்தத்துல நான் அழல்ல மாமி, சிரிச்சன். ஆனா புள்ளைக்கு என்னைத் தெரியும். என்கிட்ட அவள் வயிறு நெறையத் தின்றாள். அவளக் கொண்டு போகாதீங்க."

மன்னிப்புக் கேட்கும் சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கடித்துக்கொண்டேன்.

மாமி பிளேன்டீயை ஒரு வாய் குடித்தார். சீனி போதுமா என்று யோசிப்பது மாதிரி இருந்தார்.

"நீ சிரிப்பா எண்டு எனக்குத் தெரியாதா?" என்றார். "உன்ட ராத்தாட நிக்காஹ்வுல, மாப்பிளைட தொப்பி விழுந்த நேரம் நீ உள்ளுக்க இருந்து சிரிச்ச சிரிப்புல மௌலவி ஓதிக்கொண்டிருந்தத நிப்பாட்டினார். எங்கட ஆக்கள் பஸ்ஸுல வீடு போற வரைக்கும் அதத்தான் கதைச்சாங்க."

உம்மா தலையில் கை வைத்தார்.

"நான் புள்ளையக் கேட்டது நீ சிரிக்கிறதுக்கில்ல." மாமி கோப்பையை வைத்தார். "நாப்பதுக்கு வந்து பாத்தன். நீ மையத்து மாதிரி நிண்டா. புள்ள உன்ட மடியில இருந்துகொண்டு வேற எங்கயோ பாத்துது. அவள்தான் போயிட்டாள், இவளும் போயிட்டாள், இந்த வீட்டுல இனி என்ட பேத்தியோட கதைக்க ஆருமில்ல எண்டு நெனச்சன். அதான் கேட்டன்."

பிள்ளையை வைத்துக்கொள்வதற்காக நான் எதைச் செய்தேனோ, அதனால்தான் பிள்ளை கையை விட்டுப் போகவிருந்தாள். இரண்டு கிழமை. அந்த மண் கூட்டின அபாயா.

"அப்ப... கொண்டு போவீங்களா?"

"மாசத்துல ஒரு வெள்ளிக்கிழமை எனக்கு. வியாழன் கொண்டு வந்து விடோணும், சனிக்கிழமை நான் கொண்டு வந்து தாறன். மத்த நாள் எல்லாம் உன்கிட்ட நிக்கட்டும்." உம்மாவின் பக்கம் திரும்பி, "என்ன மதினி, சரிதானே?" என்றார். உம்மா ஓம் என்று சொல்லப் போய் அழுதார்.

நான் சிரித்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. மாமி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, "யா அல்லாஹ், பக்கத்துல இருந்து கேட்டா இன்னும் மோசம்" என்றார். சொன்னாலும் அவருடைய வாயின் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போனது.

புதுச் சட்டையைப் போட்டுப் பார்க்கப் பிள்ளையைக் கூப்பிட்டோம். பழையதைக் கழற்றியதும் அவள் அம்மணமாக வளவுக்குள் ஓடிவிட்டாள். நான் ஒரு பக்கம், சரிகைச் சட்டையோடு மாமி ஒரு பக்கம். அந்த நிமிர்ந்த மனுசி முருங்கை மரத்தைச் சுற்றி ஓடியதை நான் என் கண்ணால் பார்த்தேன். பிடித்துப் போட்டால் சட்டை கணுக்கால் வரை வந்தது. அடுத்த பெருநாளைக்குச் சரியாக இருக்கும் என்று மாமி மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்.

அப்போதுதான் குசினியில் இருந்து மணம் வந்தது. நான் ஓடினேன். உலையில் தண்ணீர் வற்றி, சோறு அடியில் பிடித்துக் காந்தியிருந்தது. மேல் சோற்றை அள்ளிக் கோப்பையில் போட்டு, ஆணக் குழம்பும் சம்பலும் வைத்து மாமிக்குக் கொடுத்தேன். மூன்று நாளில் ஒரு நாள் என்று சொன்னதற்கு அன்றைக்கே சாட்சி.

மாமி மணந்து பார்த்தார். "அடுத்த முறை நான் வரக்குள்ள சோறு ஒழுங்கா இருக்கோணும்."

முன்பு என்றால் ஓம் மாமி, ஓம் மாமி என்று பத்துத் தரம் சொல்லியிருப்பேன்.

"சொல்ல ஏலாது மாமி" என்றேன். "பாப்பம்."

உம்மா என்னைப் பார்த்த பார்வையில் நான் சாம்பலாகியிருக்க வேண்டும். மாமி ஒரு வாய் வைத்தார், மென்றார், இன்னொரு வாய் வைத்தார். பிள்ளை நீளச் சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவருடைய மடியில் ஏறி, பானையைக் காட்டி, "எனக்குக் காந்தல்" என்றாள்.

"அதுல கொஞ்சம் எனக்கும் சுரண்டிக் கொண்டு வா" என்றார் மாமி.